முப்பந்தல் காற்றும் அலுமினியச் சைக்கிளும்

ஆனி, ஆடி மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்குச் சைக்கிள் மிதிக்கிறவர், முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் தாண்டும் வரை காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரியைக் கடந்து தெற்கே தாழ்ந்துபோகிற இடம் அது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று வடக்கே பெரும்பாலும் மலைச்சுவரில் முட்டி மேலேறுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்ததும் தரையை ஒட்டியே கிழக்கே புகுந்து போக வழி கிடைத்துவிடுகிறது. அகலமாக வந்த காற்று குறுகலான வாயில் நுழையும்போது வேகம் பிடிக்கும். இருபுறமும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். முப்பந்தல் காற்றாலைப் பண்ணையின் மொத்தத் திறன் சுமார் 1,500 மெகாவாட்.

மின்சாரத்துக்கு வரமாக இருக்கிற இந்தக் காற்று சைக்கிள்காரருக்கு என்ன செய்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றசைவே இல்லாத ஒரு விடியற்காலையில், பந்தய சைக்கிளில் குனிந்து அமர்ந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் காற்றுத்தடையை வெல்ல ஏறக்குறைய 34 வாட் போதும். அதே வேகம், எதிர்க்காற்றும் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், முகத்தில் மோதும் காற்றின் வேகம் 40 ஆகிவிடுகிறது. தடைவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது நான்கு மடங்காகிறது. 34 வாட் 136 வாட் ஆகிவிடும். ஓரளவு பழகிய ஓட்டுநர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 150 முதல் 200 வாட். அவருடைய உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது.

இப்போது அதே ஆளைச் சாதாரண சைக்கிளில் முதுகு நிமிர்த்தி உட்காரவைத்தால் தேவை 215 வாட்டைத் தாண்டும். குனிந்தவரைவிட நிமிர்ந்தவர் காற்றுக்குக் காட்டும் பரப்பு அவ்வளவு அதிகம். ஏறத்தாழ 80 வாட் வித்தியாசம் வந்தது வளைந்த ஹேண்டில்பாராலும் குனிந்த முதுகாலும்தான். ஃபிரேம் எந்த உலோகம் என்பதற்கு இதில் பங்கே கிடையாது. ஐந்து லட்சம் ரூபாய் கார்பன் சைக்கிளில் கிடைக்கிற இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி, ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலையில் விற்கும் அலுமினிய ரோடு பைக்கிலும் அப்படியே கிடைக்கிறது. ரோடு பைக் வாங்க நினைக்கிற குமரி மாவட்டத்துக்காரர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

அடுத்தது எடை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்படும் விலையில்லா சைக்கிளும், தாத்தா காலத்து ஹெர்குலிஸும் இருபது கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல அலுமினிய ரோடு பைக் பத்துக் கிலோ. கார்பன் ஃபைபர் பந்தய சைக்கிள் எட்டு, ஏழு. உலக சைக்கிள் சம்மேளனம் போட்டிகளுக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 6.8 கிலோ. நாஞ்சில் நாட்டின் வயல்வெளிகளில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சமதரையில், இந்த எடை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தக்கலை தாண்டி மேற்கே போனால் நிலம் மாறிவிடும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். திருவட்டாறு, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு ஒரு முறை போய்வந்தால் கால்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரு பயணத்தில் மொத்தம் 200 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இருபது கிலோ சைக்கிளுக்குப் பதில் பத்துக் கிலோ சைக்கிள் என்றால், 150 வாட்டில் மிதிப்பவருக்கு ஏற்றத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். பத்துக் கிலோவிலிருந்து எட்டுக் கிலோவுக்கு இறங்கினால்? 26 விநாடி. முதல் பத்துக் கிலோவைக் குறைக்க ஆகும் செலவைவிட அடுத்த இரண்டு கிலோவைக் குறைக்க ஆகும் செலவு அதிகம். பந்தயத்தில் 26 விநாடி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சிப்பாறை அணையைப் பார்த்துத் திரும்புகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அலுமினியத்தின் கதையில் இந்த மாவட்டத்துக்கு ஓர் உறவு உண்டு. இந்தியாவில் அலுமினியம் முதன்முதலில் உருக்கி எடுக்கப்பட்டது 1943இல், ஆலுவாவுக்கு அருகே. இந்தியன் அலுமினியம் கம்பெனி அங்கே உருக்காலையைத் தொடங்கியபோது அந்த இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாகர்கோவிலும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். ஆலுவாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பள்ளிவாசல் நீர்மின் நிலையம். அலுமினிய ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க மின்சாரம் வெள்ளம்போல் வேண்டும். ஒரு கிலோ உலோகத்துக்கு இன்றைக்கும் 14 யூனிட்டை ஒட்டிச் செலவாகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு ஃபிரேமுக்கான உலோகத்தை எடுக்க 21 யூனிட். முப்பந்தலில் 250 கிலோவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஐந்து நிமிடம் சுழன்றால் அவ்வளவு மின்சாரம் கிடைத்துவிடும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி எடுத்தால் அதில் இருபதில் ஒரு பங்கே போதும். பின்னாளில் தமிழ்நாட்டுக்கும் சொந்த உருக்காலை வந்தது: மேட்டூரில், 1965இல், ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை நம்பி.

எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. மூன்றில் ஒரு பங்கு எடை என்றதும் சைக்கிள் செய்ய இதைவிட நல்ல உலோகம் கிடையாது என்று தோன்றும். ஆனால் விறைப்பும் அதே அளவுக்குக் குறைவு. எஃகின் மீள்குணகம் 205 ஜிகாபாஸ்கல் என்றால் அலுமினியத்துக்கு 69தான். எஃகு டியூபின் அதே விட்டத்திலும் தடிமனிலும் அலுமினிய டியூப் செய்தால், அது மூன்று மடங்கு கூடுதலாக வளையும். 1970களில் இத்தாலியின் ஆலன் நிறுவனமும் பிரான்சின் விட்டுஸ் நிறுவனமும் எஃகு ஃபிரேமை ஒத்த மெல்லிய டியூப்களைப் பசைபோட்டு ஒட்டி அலுமினிய ஃபிரேம் செய்தன. அவை இலகுவாக இருந்தன. மலையேற்றத்தில் ஓட்டுநர்களுக்குப் பிடித்திருந்தன. ஆனால் எழுந்து நின்று ஓங்கி மிதித்தால் வளைந்துகொடுத்தன. அயர்லாந்தின் ஷான் கெல்லி விட்டுஸ் ஃபிரேமில் ஓட்டியே பல பெரிய பந்தயங்களை வென்றார் என்பது அவருடைய கால்வலிமைக்குச் சான்று.

இதற்கு விடை உலோகவியலில் இல்லை, வடிவியலில் இருந்தது. உள்ளீடற்ற டியூபின் விறைப்பு அதன் சுவர்த் தடிமனோடு நேர்விகிதத்தில்தான் ஏறும்; விட்டத்தோடோ கனவிகிதத்தில் ஏறும். சுவரைத் தொடாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. எடை இரண்டு மடங்கு மட்டுமே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன் 1970களின் நடுவில் இதைக் கையில் எடுத்து, பருத்த டியூப்களில் அலுமினிய சைக்கிள் செய்யத் தொடங்கினார். 1983இல் கேனன்டேல் நிறுவனம் அதைப் பெரிய சந்தைக்குக் கொண்டுவந்தது.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பழைய சைக்கிளில் வழக்கமான 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு டியூபை, 0.8 மில்லிமீட்டர் சுவரோடு, ஒரு மீட்டர் எடுத்தால் எடை 550 கிராம் இருக்கும். 42 மில்லிமீட்டர் விட்டத்தில் 1.4 மில்லிமீட்டர் சுவருள்ள அலுமினிய டியூப் அதே நீளத்துக்கு 480 கிராம். எடை குறைந்திருக்கிறது, வளைவை எதிர்க்கும் விறைப்போ 1.8 மடங்கு கூடியிருக்கிறது. இன்று கடையில் நிற்கும் எந்த அலுமினிய ரோடு பைக்கின் கீழ் டியூபும் பருமனாக இருப்பதன் ரகசியம் இதுதான். அழகுக்காக யாரும் அதைப் பருக்க வைக்கவில்லை.

அப்படியானால் டியூபை இன்னும் பெரிதாக்கி, சுவரை இன்னும் மெலிதாக்கிக்கொண்டே போகலாமே? ஓர் எல்லைக்கு மேல் சுவர் நசுங்கத் தொடங்கும். மென்பானத் தகரக் குப்பியின் சுவர்போல, விரல் அழுத்தினாலே குழிந்துவிடும். அதனால் இணைப்பு வரும் முனைகளில் தடிமனும் நடுவில் மெலிவுமாக டியூபை இழுக்கிறார்கள். டியூபை அச்சுக்குள் வைத்து உள்ளே எண்ணெயை உயர் அழுத்தத்தில் செலுத்தி, தேவைப்பட்ட இடத்தில் தட்டையாகவும் தேவைப்பட்ட இடத்தில் உருண்டையாகவும் புடைக்க வைக்கும் முறையும் வந்துவிட்டது. விலை குறைந்த ஃபிரேம்களுக்குக்கூட இப்போது இந்த வசதி கிடைக்கிறது.

விறைப்பு ஒன்று, வலிமை வேறு. எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. வளைந்தது எப்போது திரும்பாமல் கோணலாகவே நின்றுவிடும் என்பது வலிமை. கலப்புலோகம் ஆக்கினாலும் அலுமினியத்தின் விறைப்பு மாறுவதில்லை. வலிமையோ தலைகீழாக மாறும். சமையல் பாத்திரங்களுக்குப் போகும் கிட்டத்தட்டத் தூய அலுமினியம், மென்மையான நிலையில், சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் விசையிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும். சைக்கிள் ஃபிரேம்களில் பரவலாகப் பயன்படும் 6061 என்ற கலப்புலோகம் முறையாகச் சுட்டுப் பதப்படுத்தப்பட்டால் 276 நியூட்டன் வரை தாங்கும். எட்டு மடங்கு.

அந்த எட்டு மடங்கைத் தருவது ஒரு சதவீத அளவு மக்னீசியமும் அதைவிடக் குறைவான சிலிக்கானும்தான். ஃபிரேமைப் பற்றவைத்து முடித்த பின் 530 டிகிரி வாக்கில் சூடாக்குகிறார்கள். இரண்டும் அலுமினியத்தில் கரைந்துவிடும். உடனே நீரில் தோய்த்துச் சட்டென்று குளிரவைத்தால், பிரிந்து வெளியேற நேரமில்லாமல் அணுக்கள் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. பிறகு 170 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைக்கும்போது, சிக்கிய அணுக்கள் மெல்ல நகர்ந்து நானோமீட்டர் அளவிலான ஊசிகளாகத் திரள்கின்றன. உலோகம் வளைவதென்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இந்த ஊசிகள் அந்த வழுக்கலை மறித்து நிற்கின்றன. இப்படி ஒரு வினை நடக்கும் என்று 1906இல் முதலில் கண்டவர் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வில்ம். அவர் தயாரித்த செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம், வார இறுதி விடுமுறைக்குப் பின் வந்து சோதித்தபோது முன்னைவிடக் கடினமாகியிருந்தது. விமானத் தொழில் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது. சைக்கிள் வெகு காலம் கழித்து அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

இந்த உலோகம் மலிவுக்கான சமரசம் என்று நினைப்பவர்கள் 1990களின் பந்தயங்களைத் திரும்பிப் பார்க்கலாம். 1998இல் மார்கோ பந்தானி பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றது பியான்கி அலுமினிய சைக்கிளில். அதற்கடுத்த ஆண்டு லவால் நகரிலிருந்து புளுவா வரை 194.5 கிலோமீட்டர் கட்டத்தை மரியோ சிப்பொலினி மணிக்கு 50.355 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். அவருடைய அணி ஓட்டியது கேனன்டேல் அலுமினியம். பின்காற்று கைகொடுத்த நாள் அது. ஆடி மாதத்தில் தோவாளையிலிருந்து காவல்கிணறு பக்கம் போகிற எவருக்கும் அந்தச் சுகம் தெரியும். அந்தக் காலத்துப் பந்தயங்களின்மேல் ஊக்கமருந்தின் கறை ஆழமாகப் படிந்திருக்கிறது. ஓட்டுநர்களின் பெருமையை அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஃபிரேம் அந்த வேகத்தைத் தாங்கியது என்பதில் சந்தேகம் கிடையாது. கார்பன் ஃபைபர் அதன்பின் முன்னணி அணிகளை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அன்று உலகின் முதல்தரமாக இருந்த அலுமினியத் தொழில்நுட்பம் அப்படியே கீழிறங்கி, சாதாரண ஊழியர் ஒருவர் எட்டக்கூடிய விலைக்கு வந்தது.

விலை குறைந்ததில் இன்னொருவருக்கும் பங்குண்டு. ஆங்கிலேயப் பொறியாளர் மைக் பர்ரோஸ், தைவானின் ஜெயன்ட் நிறுவனத்துக்காக 1990களின் பிற்பகுதியில் டி.சி.ஆர். என்ற அலுமினிய ரோடு பைக்கை வடிவமைத்தார். அதுவரை தரைக்கு இணையாகக் கிடந்த மேல் டியூபை அவர் சீட்டை நோக்கிச் சரித்தார். முக்கோணம் சிறுத்தது, உலோகம் குறைந்தது, விறைப்பு கூடியது. சீட் கம்பியை ஏற்றி இறக்கிப் பலருக்கும் பொருத்திவிடலாம் என்பதால், அளவுக்கு ஓர் அச்சாகப் பத்து அச்சுகள் வேண்டியிருந்த இடத்தில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று சில அளவுகளே போதும் என்றாயிற்று. தொழிற்சாலைச் செலவு சரிந்தது. இன்று நாகர்கோவில் தெருவில் காணும் ரோடு பைக்குகளின் சரிந்த மேல் டியூப் அங்கிருந்து வந்தது.

டைட்டானியம் பற்றியும் ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன; இரண்டும் டைட்டானியத் தாதுக்கள். 1909இல் ஜெர்மானியர் ஷோம்பெர்க் இந்தப் பகுதி மணலில் மோனசைட்டைக் கண்டதிலிருந்து இங்கே கனிமம் பிரிக்கும் தொழில் நடக்கிறது. டைட்டானியத்தில் சைக்கிள் செய்தால் உப்புக்காற்றுக்கு அசையாது; பல தலைமுறை உழைக்கும். விலையோ அலுமினிய சைக்கிளைப்போல் பல மடங்கு. தாது காலடியிலேயே கிடந்தாலும் அதை உலோகமாக்கக் குளோரினும் உருகிய மக்னீசியமும் காற்றுப் புகாத உலையும் வேண்டும். பற்றவைக்கும்போதும் ஆர்கான் வாயுவால் மூடிக் காக்க வேண்டும். கடற்கரையில் வாழ்பவருக்கு டைட்டானியம்தான் லட்சிய சைக்கிள். மாதச் சம்பளக்காரருக்கு எட்டுவது அலுமினியம்.

அலுமினிய ஃபிரேமில் உடம்பு அதிரும், முதுகு வலிக்கும் என்ற பேச்சு சைக்கிள்காரர்களிடையே நெடுநாளாக உலவுகிறது. பருத்த டியூப்களும் ஊசிபோன்ற டயர்களும் சேர்ந்து வந்த காலத்தின் எச்சம் அது. முக்கோணங்களால் ஆன ஃபிரேம் எந்த உலோகமானாலும் மேலும் கீழுமாக மிகக் கொஞ்சமே அமுங்கும். டயரோ மில்லிமீட்டர் கணக்கில் அமுங்குகிறது. 23 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 28 போட்டால் கிடைக்கும் சுகத்தை ஃபிரேமை மாற்றிப் பெற முடியாது. தொழில்முறைப் பந்தய அணிகளே 28க்கும் அதற்கு மேலும் மாறிவிட்டன. சொரசொரப்பான சாலையில் அகலமான, சற்றுக் காற்றுக் குறைந்த டயர் வேகமாகவும் உருளுகிறது என்று அவர்கள் அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வேகத்தடைகளும் தோண்டி மூடிய சாலைகளும் நிறைந்த நம் பக்கத்துக்கு இது இரட்டிப்புப் பொருத்தம். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் 70, 75 பி.எஸ்.ஐ. வைத்தால் போதுமானது. இந்த டயர்களுக்குள் இருக்கும் டியூபின் வால்வு மெல்லியது, பிரெஸ்டா வகை. பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ நேராகக் காற்றடிக்க முடியாது. விரல்நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட் பையில் போட்டுவைத்தால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம்.

குமரியில் அலுமினியத்துக்கு உண்மையான சோதனை உப்பு. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, சொத்தவிளை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரச் சாலைகள் ஓட்டுவதற்கு அவ்வளவு அருமை. புத்தளம் உப்பளங்களின் ஓரமாகக் காலையில் போவது தனிச் சுகம். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் மிதக்கின்றன.

அலுமினியம் காற்றில் பட்ட கணமே தன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். தடிமன் சில நானோமீட்டர்தான் என்றாலும் அது இறுக்கமானது. இரும்புத் துருபோல் உதிர்ந்து அடுத்த அடுக்கைத் தின்னக் கொடுப்பதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அயனி அந்தப் படலத்தின் பலவீனமான புள்ளிகளில் துளைத்து நுழைகிறது. பெயின்ட் அடியில் கொப்புளம் கிளம்புவதும், உரித்தால் வெள்ளைப் பொடி உதிர்வதும் அதன் அடையாளம்.

இதைவிடக் கேடு செய்வது இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். எஃகு போல்ட்டோ கார்பன் சீட் கம்பியோ அலுமினியத்தைத் தொட்டிருக்க, இடையில் உப்புநீர் கசிந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும். அந்தப் பேட்டரியில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். கரைந்தது ஆக்சைடாகும்போது உலோகமாக இருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், சீட் கம்பி ஃபிரேமுக்குள் கல்லாக இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை சீட் கம்பியை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுவது ஐந்து நிமிட வேலை. கார்பன் கம்பி என்றால் அதற்கென்று விற்கும் பேஸ்ட் வேண்டும். கடலோரம் போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பால் பீய்ச்சக் கூடாது. தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். ஓட்டுபவரின் வியர்வையும் உப்புதான். நெற்றியிலிருந்து சொட்டுவது ஹேண்டில்பாரின் கழுத்து போல்ட்டுகளில் விழுகிறது. அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

உப்பு கண்ணுக்குத் தெரியும் எதிரி. உலோகத்தின் களைப்பு தெரியாது. எஃகில், அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை மிதித்தாலும் விரிசல் தோன்றாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை இல்லை. சிறு அழுத்தமும் போதுமான தடவை வந்தால் என்றாவது கணக்குத் தீர்க்கும். 1954இல் கோமட் பயணிகள் விமானங்கள் நடுவானில் சிதறியபோது உலகம் இதைக் கடுமையாகக் கற்றது. சைக்கிளில் எத்தனை தடவை அழுத்தம் வரும் என்று பார்க்கலாம். 2021இல் காஷ்மீரின் ஆதில் டெலி சைக்கிளில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 8 நாள் 1 மணி 37 நிமிடத்தில் வந்து கின்னஸ் சாதனை படைத்தார். தூரம் சுமார் 3,600 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் அது ஏறக்குறைய ஏழு லட்சம் சுற்று. இரு கால்களுக்கும் சேர்த்துப் பதினான்கு லட்சம் மிதி. ஒவ்வொரு மிதியையும் ஃபிரேம் வாங்கிக்கொள்கிறது. இதற்காகவே வடிவமைப்பாளர்கள் அலுமினிய ஃபிரேமை வேண்டியதைவிட விறைப்பாக, அழுத்தம் மிகக் குறைவாக வரும்படி செய்கிறார்கள். சர்வதேசத் தரச் சோதனையில் சாதாரண மிதியைவிடப் பல மடங்கு பலத்தில் ஒரு லட்சம் முறை அழுத்திப் பார்க்கிறார்கள். ஒழுங்காகச் செய்த ஃபிரேம் வார இறுதி ஓட்டுநரிடம் பல ஆண்டுகள் நிம்மதியாக உழைக்கும். கழுவும்போது முன்பக்கக் கழுத்தின் வெல்டிங், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, பின்சக்கரம் மாட்டும் முனைகள் ஆகிய இடங்களில் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பழைய சைக்கிள் வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

விரிசல் தெரிந்தால் அந்த ஃபிரேமின் ஆயுள் முடிந்தது. எஃகு ஃபிரேமைப் பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்து மறுபடி ஓட்டிய பழக்கத்தில் இதையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வெல்டிங் சூட்டில், பல மணி நேரம் சுட்டு உருவாக்கிய அந்த நானோ ஊசிகள் கரைந்தும் பருத்தும் போய்விடுகின்றன. தையலுக்கு இருபுறமும் உலோகம் தன் வலிமையில் பாதியளவை இழக்கிறது. முழு ஃபிரேமையும் திரும்ப உலையில் வைத்துப் பதப்படுத்தினாலொழிய அது மீளாது. பட்டறையில் அந்த உலை கிடையாது. ஆரல்வாய்மொழி இறக்கத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் உயிரை நம்பி வைக்கக் கூடிய தையல் அல்ல அது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் கியர் முக்கியம். பழைய சைக்கிளில் ஒரு பெடல் சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகும். விளவங்கோட்டு மேடுகளில் இறங்கித் தள்ளியதெல்லாம் அதனால்தான். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்ற சேர்க்கை ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர்தான் நகர்த்தும். நாற்பது வயதுக்காரரும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். சக்கர ரிம் ஆழமாக, பலகைபோல் இருந்தால் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். முப்பந்தலில் பக்கக்காற்று அதைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளும். இங்கே தாழ்ந்த ரிம்தான் நல்லது. இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் டிஸ்க் பிரேக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது. ரிம் பிரேக் சைக்கிள் என்றால் மழையில் ஓட்டியபின் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒட்டிய மணலைத் துடைக்காமல் விட்டால் ரிம்மே தேய்ந்து மெலியும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானதில் மிச்சமான பணத்தை நல்ல டயருக்கும், உடம்புக்கு ஏற்றபடி சீட்டையும் ஹேண்டில்பாரையும் பொருத்திக்கொள்வதற்கும் செலவிடுவது கெட்டிக்காரத்தனம்.

கடைசியாக, பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவியைத் தொங்கவிட்டிருக்கும் சிறிய அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைய வேண்டும் என்றே மென்மையாகச் செய்து, தனியே கழற்ற இரண்டு திருகுகளும் வைத்திருக்கிறார்கள். அது வளைந்துகொடுப்பதால்தான் ஃபிரேம் தப்புகிறது. சிக்கல் என்னவென்றால் அதன் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். உள்ளூர்க் கடையில் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது. சைக்கிள் வாங்கும் அன்றே, சில நூறு ரூபாய்க்கு, அதே மாடலின் ஹேங்கர் இன்னொன்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பேச்சிப்பாறைக்கு அப்பால் மழையில் வழுக்கி விழுந்தவருக்கு மாட்டிக்கொண்டு திரும்ப அது போதும்.